கீழவரின் தலைக்கு மேல் ஓர் அடுக்குக் கட்டில்

எங்கள் தரைதான் அவருக்குக் கூரை. ஜப்பான்காரர்கள் மலாயாவில் எங்கள் மூவாருக்கு வந்த சில மாதங்களில், நாங்கள் குடியிருந்த பலகை வீட்டின் கீழ்த்தளத்தை அவர்களுடைய சாமான் ஆபீசாக எடுத்துக்கொண்டார்கள். அதுவரை அங்கே துணிக்கடை வைத்திருந்த சீனர் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள் இருந்தன. முன்னறையில் சாக்கு மூட்டைகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். ஆற்றைப் பார்த்த பின்னறையில் என் கணவர், நான், மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேரும் ஒண்டிக்கொண்டோம்.

அந்த அறைக்கு நேர் கீழே ஆபீசரின் மேசை. வீட்டின் பின்கட்டு தாழ்வானது. அவர் கையை உயர்த்தினால் எங்கள் பலகை அவருக்கு எட்டும். மேலே காலடி பலமாகக் கேட்டால் பிரம்பால் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு எங்கள் உள்ளங்காலில் வந்து படும். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் அவரைக் 'கீழவரு' என்றார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகினோம்.

வேறு வீடு பார்த்திருக்கலாமே என்று இப்போது கேட்கிறார்கள். என் கணவர் ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து போடும் டிரெசர். கையில் கட்டியிருந்த ஆஸ்பத்திரித் துணிப்பட்டை இருந்ததால்தான் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிப்பவர்கள் அவரை விட்டுவைத்தார்கள். வேலையை விட்டால் பட்டையும் போய்விடும். காஹாங் பக்கம் தோட்டத்தில் இருந்த அவருடைய அண்ணனிடம் போகலாம் என்றால், அங்கே லயத்தில் ஆண்களே மிச்சமில்லை என்று செய்தி வந்தது. அதுவுமில்லாமல், காய்ச்சலோ காயமோ என்றால் கூப்பிட்டவுடன் இறங்கி வர ஓர் ஆள் மேலேயே இருப்பது கீழவருக்கு வசதியாக இருந்தது. நாங்கள் போக வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஒரு முறை சொன்னால் போதும்.

எங்கள் சின்னவனுக்கு அப்போது நான்கு வயது. பயத்தில் அவனுக்குப் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளிகள் இருந்தன. ஒருநாள் விடிந்த பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் கீழ் ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தமிழ் இளைஞர். முன்பு ஒரு செட்டியார் கடையில் வேலை பார்த்தவர். நிப்பொங்கோ என்கிற ஜப்பான் மொழி வகுப்பில் முதல் ஆளாகத் தேறி இங்கே வந்திருந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அக்கா, மேலேருந்து தண்ணி சொட்டுது. தொப்பியில விழுந்திருக்கு. என்ன தண்ணின்னு கேக்குறாரு."

"குடம் சாஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க தம்பி."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நனைந்த பாயையும் என் பின்னால் ஒளிந்த சின்னவனையும் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"அலமாக்! குடத்துத் தண்ணி இப்படித்தான் மணக்குமாக்கா?"

நான் பாயைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, இந்தத் தடவை குடம்னே சொல்லிடுறேன். அந்த ஆளு தொப்பியத் தலையில மாட்டிட்டுத்தான் கண்டுபுடிச்சாரு, தெரியுமா? எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. ஆனா அடுத்த தடவை சாஞ்சா, சாச்ச ஆளக் கீழே கூட்டிட்டு வான்னு சொல்லியிருக்காரு. பாத்துக்கங்க லா."

சாய்த்த ஆளைக் கீழே கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். வணங்காமல் போன மளிகைக்கடைக்காரரை வெயிலில் நிற்க வைத்து, தலைக்கு மேல் நாற்காலியைப் பிடிக்கச் சொன்னார்கள். கை தாழ்ந்தபோதெல்லாம் அடித்தார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் என்னை அதிகம் வதைத்தது.

அன்று முதல் என் யோசனையெல்லாம் இது ஒன்றில்தான். பாயின் கீழே துத்தநாகத் தகடு போட்டுப் பார்த்தேன். பிள்ளை புரண்டால் அது இடி போல முழங்கியது. கீழிருந்து பிரம்பு தட்டியது. தோட்டத்து ரப்பர் ஷீட்டை விரித்தேன். வழிந்து ஓரத்துக்கு ஓடி அங்கிருந்து இறங்கப் பார்த்தது. தரையை விட்டு உயர்த்தி, கீழே ஒரு தகரத்தை வைத்தால்தான் தப்ப முடியும். ஆனால் ஒரு கட்டில் போட்டாலே மற்ற இருவருக்கும் இடமில்லை. மேற்குச் சுவரில் கதவு, அதை ஒட்டி என் கரியடுப்பு. தெற்கே பூட்டிய முன்னறைக் கதவு. வடக்கே ஆற்றுப் பக்கத்து ஜன்னல். கிழக்குச் சுவர் ஒன்றுதான் காலி.

"கப்பல்ல மாலுமிங்க படுக்கிற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டா?" என்றார் கணவர்.

அப்படித்தான் நான் அடுக்குக் கட்டில் தேர்ந்தெடுக்கப் போனேன்.

ஆற்றங்கரைச் சந்தில் ஒரு சீனத் தச்சர் இருந்தார். முன்பு கல்யாணக் கட்டில்கள் செய்தவர். அப்போது இராணுவத்துக்குப் பெட்டிகள் அடித்துக்கொண்டிருந்தார். ஜப்பான்காரர்கள் சீனர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்ததால், அவரைப் போன்றவர்கள் தெருவில் நிற்கவே பயந்த காலம் அது. அவர் வேலையை நிறுத்தாமலேயே, வாசலைப் பார்த்தபடியே மலாயில் பேசினார். காப்பிக்கடை வேலையாட்களுக்காகச் செய்து, வாங்கிப் போக ஆள் வராமல் நின்றுபோன ஓர் அடுக்குக் கட்டிலைக் காட்டினார். ஏணி பக்கவாட்டில் இருந்தது. எங்கள் அறைக்கு அது ஆகாது. இறங்கினால் அடுப்பின் மேல்தான் கால் வைக்க வேண்டும். ஏணி கால்மாட்டில் இருக்க வேண்டும் என்றேன்.

பிறகு நான் கேட்டுக்கொண்டே போனேன். மேல்தட்டின் தடுப்புக் கட்டைகளுக்கு இடையே பிள்ளையின் தலை சிக்கக்கூடாது. இதற்காகச் சின்னவனின் தலையைச் சுற்றி அளந்த நூலை முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். அதை அவிழ்த்துக் காட்டியபோது அவர் முதல் முறையாகச் சிரித்தார். தடுப்பு என் ஒரு சாண் உயரமாவது மெத்தைக்கு மேலே நிற்க வேண்டும். கீழ்த்தட்டில் உட்கார்ந்தால் தலை இடிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டில் பேசக்கூடாது. காப்பிக்கடைக் கட்டிலில் ஏறி நடுவில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் ஆடினேன். கிறீச்சிட்டது. தலையசைத்து இறங்கினேன். ஆணிக்குப் பதிலாக மரமுளை அடித்து, மூட்டுகளைப் பிரம்பால் இறுக்கிக் கட்டித் தருவதாகச் சொன்னார்.

கீழ்த்தட்டுப் பலகை கால்மாட்டுப் பக்கம் லேசாகச் சரிய வேண்டும், கடைசியில் ஓர் இடுக்கு வேண்டும் என்றேன். அது ஏன் என்று கேட்டார். மலாயில் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தயங்கி, கையை இடுப்புக்குக் கீழே காட்டி 'பிள்ளை' என்றேன். புரிந்துகொண்டார்.

மரம் கிடைக்கவில்லை. பெட்டிப் பலகையில் மிச்சம் பிடித்துத்தான் செய்ய வேண்டும். அதனால் தடுப்பு ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் சுவர் இருக்கிறதே என்றார். எந்தப் பக்கம் சுவர் என்று கேட்டார். அவருடைய வேலைக் கொட்டகைத் தரையிலேயே நான் மல்லாந்து படுத்துக் காட்டினேன். தலை ஜன்னல் பக்கம். அங்கேதான் காற்று வரும். கால் உள்பக்கம். இடது கைப் பக்கம் சுவர், வலது கைப் பக்கம் திறப்பு. வலது பக்கம் தடுப்பு வையுங்கள் என்றேன். தலைமாட்டுக்கு உயரமான பலகை, கால்மாட்டில் ஏணி. எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. தச்சருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கணவர் தம் பங்கிலிருந்து கொயினா மாத்திரைகளைத் துணியில் முடிந்து கொடுத்தார். அதுதான் கூலி.

கட்டில் துண்டு துண்டாகத் தள்ளுவண்டியில் வந்தது. வாசலில் மொழிபெயர்ப்பாளர் மறித்தார்.

"என்னக்கா, யாருக்கு இந்தப் பொட்டி? இன்னும் யாரும் சாகலியே?"

"வாயில நல்ல வார்த்தை வராதா தம்பி? கட்டில். பிள்ளைங்களுக்கு."

"கட்டிலா? ரெண்டு மாடியா இருக்கே. எங்களுக்கெல்லாம் ஒரு மாடிக்கே வழியக் காணோம்." பிறகு மெல்லச் சொன்னார்: "அவரு படகுத்துறைக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள தட்டுறதெல்லாம் தட்டி முடிச்சிருங்க."

தச்சர் அதிகம் தட்டவில்லை. முளைகளைத் துணி சுற்றிய கட்டையால் அடித்தார். வேலை முடிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாகப் போய்விட்டார். நான் மேல்தட்டில் ஏறிப் படுத்து ஆடிப் பார்த்தேன். ஒரு முனகல் இல்லை. ஆற்றுக் காற்று முகத்தில் பட்டது. இத்தனை நாளில் முதன்முறையாக எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

சாயங்காலம் கணவர் வந்தார். கட்டிலைப் பார்த்தார். கைப்பையைக் கீழே வைக்காமலேயே நின்றார்.

"தலை எந்தப் பக்கம்?"

"ஜன்னல் பக்கம். ஏன்?"

"அது வடக்கு."

எனக்குச் சுருக்கென்றது. தரையில் படுத்தவரை கிழக்கே தலை வைத்தே பழக்கம். யோசிக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. கட்டில் கிழக்குச் சுவரை ஒட்டி நின்றதும் வடக்கும் தெற்கும்தான் மிஞ்சின. காற்றை மட்டுமே நினைத்த நான் திசையை நினைக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"இது சாஸ்திரம் பாக்கிற நேரமாங்க? நீங்கதானே இதெல்லாம் மூட்டை கட்டி ஆத்துல போடணும்னு சொல்லுவீங்க?"

"சொல்லுவேன்தான்."

"அப்புறம்?"

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் காதில் விழாதபடி என் பக்கம் குனிந்தார்.

"ஆஸ்பத்திரிப் பிணக் கொட்டகையில எல்லாரையும் ஆத்துப் பக்கம் தலை வெச்சுத்தான் படுக்க வெச்சிருக்காங்க. வரிசையா. சின்னப் பிள்ளைங்களும் இருக்கு. தினம் காலையில நான் அந்த வழியாத்தான் உள்ளே போறேன். வீட்டுக்கு வந்து இங்கேயும் அதே மாதிரிப் பாக்கச் சொல்றியா? என்னால முடியாதும்மா."

அதற்கு மேல் என்னாலும் முடியவில்லை. அவர் அதைச் சொன்ன பிறகு அந்த மேல்தட்டை நான் வேறு கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளைத் தலை மாற்றிப் படுக்க வைக்கலாம் என்றால், கீழ்த்தட்டின் சரிவு தலைக்கு வந்துவிடும். மேல்தட்டில் தலை ஏணித் திறப்பில் தொங்கும். ஆகவே கட்டிலையே திருப்பினோம். கால்களில் பழந்துணி சுற்றி, மூத்தவளும் ஒரு கை பிடிக்க, இழுக்காமல் அங்குலம் அங்குலமாகத் தூக்கி வைத்துத் திருப்பினோம். தலைமாடு தெற்கே போனது, ஏணி ஜன்னலோரம் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, தடுப்பு சுவரோடு ஒட்டிக்கொண்டது. திறந்த பக்கம் அறையைப் பார்த்து வெறுமையாக நின்றது.

கணவர் தடுப்பைப் பெயர்க்கப் பார்த்தார். அது கால்களுக்குள் துளையிட்டு இறக்கப்பட்டிருந்தது. அசைத்தபோது காலே விரிசல் விட ஆரம்பித்தது. விட்டுவிட்டார். மறுநாள் தச்சரைக் கூப்பிடப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். கொட்டகை பூட்டியிருந்ததாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டதற்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

என் நூல் சேலை ஒன்றை நான்காக மடித்து, திறந்த பக்கத்தில் காலுக்குக் கால் இழுத்துக் கட்டினேன். ஊஞ்சல் துணிபோல விறைப்பாகத்தான் நின்றது.

அடுத்தது யார் மேலே படுப்பது என்பது. பன்னிரண்டு வயது மூத்தவள் படுத்தால் படுத்தபடி கிடப்பாள். மேல்தட்டு அவளுக்கென்றே செய்தது. ஆனால் மேல்தட்டில் ஏறினால் ஜன்னலின் கீழ்க்கதவுக்கு மேலே ஆள் தெரிந்தது. ஆற்றோரம் எதிரே இருந்த வீட்டு மாடியில் சிப்பாய்கள் இருந்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்ததும் அங்கிருந்து ஒரு சீட்டி வந்தது. நான் அவள் காலைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அதற்குப் பிறகு அவள் கீழ்த்தட்டில் சின்னவனோடுதான். எட்டு வயது நடுப்பிள்ளை மேலே. அவன் தூக்கத்தில் முழங்கால் மடக்கிச் சுற்றிச் சுற்றி வருவான். கட்டில் செய்ய ஆரம்பித்ததே விழாமலும் சொட்டாமலும் இருக்கத்தான். கடைசியில் அதிகம் புரளுகிற பிள்ளையைத் தடுப்பில்லாத உயரத்தில் படுக்க வைத்தேன். ஒவ்வொரு படியிலும் வேறு வழி இல்லாமல்தான் இதற்கு வந்து சேர்ந்தோம்.

ஆனாலும் கட்டில் சில வாரங்கள் எங்களைக் காப்பாற்றியது. கீழ்த்தட்டின் இடுக்குக்கு அடியில், மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பாதியாக வெட்டி, சொட்டும் சத்தம் கேட்காமலிருக்க உள்ளே தேங்காய் நார் போட்டு வைத்தேன். பலகை வழியாக ஒரு சொட்டு இறங்கவில்லை. பிள்ளைகளுக்குத் தரையில் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, குதிகால் படக்கூடாது. கட்டில் மட்டும் அவர்களுடைய இடம். நாளெல்லாம் அதிலேயே கிசுகிசுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

"ஏய் மேல்மாடி, காலைத் தொங்கப் போடாதே. நாத்தம் தாங்கல."

"நீ பேசாதே. உன் மாடியிலதான் தினம் வெள்ளம்."

"நான் இல்ல, அக்காதான்" என்பான் சின்னவன்.

"அடேய், என் பாவாடைய நனைச்சிட்டு என் மேலேயே பழியாடா?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கும்போது வாயைப் பொத்துவது அந்த வீட்டில் கற்றுக்கொண்டது. அதை நான்தான் கற்றுக் கொடுத்தேன். சத்தம் வந்தால் ஒரு விரலைத் தூக்குவேன். உடனே மூன்று முகமும் அடங்கிவிடும்.

கீழவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கித்தான் நாற்காலியில் சாய்ந்து உறங்குவார். கடிகாரங்களையெல்லாம் ஜப்பான் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் அவருடைய மத்தியானம் எங்கள் உடம்புக்கு இன்னும் காலைதான். பிள்ளைகளுக்கு உறக்கம் வராது. இருந்தாலும் அந்த நேரம் கட்டிலில் படுத்தே ஆக வேண்டும். மரவள்ளிக் கிழங்கைத் தின்ற மந்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் அசருவார்கள். நான் கதவோரம் உட்கார்ந்து சேலையின் முடிச்சுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முடிச்சு அவிழவில்லை. துணிதான் விட்டது. துவைத்துத் துவைத்து நைந்த சேலை, நடுவில் நீளமாகக் கிழிந்தது. நடுப்பிள்ளை அதன் வழியாக வந்தான். நான் எழுந்து கையை நீட்டுவதற்குள் தரையில் விழுந்தான். அறை அதிர்ந்தது. அடுப்பின் மேலிருந்த சட்டி ஆடியது.

கீழே நாற்காலி உராயும் சத்தம்.

பிள்ளை மல்லாந்து கிடந்தான். இடது முன்கை இருக்கக்கூடாத கோணத்தில் வளைந்திருந்தது. அவன் வாய் முழுதாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். ஆனால் சத்தமே வரவில்லை. நான் விரலைத் தூக்கவில்லை, தூக்கவே இல்லை. அவனாகவே அடக்கிக்கொண்டான். இத்தனை வருடம் கழித்தும், கடைத்தெருவில் ஏதாவது குழந்தை விழுந்து வாய் திறந்தால், சத்தம் வரும்வரை நான் நகராமல் நிற்கிறேன். சத்தம் வந்த பிறகுதான் என்னால் கால் எடுத்து வைக்க முடிகிறது.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். கீழவர் சட்டைப் பொத்தான் போடாமல் வந்தார். பின்னால் மொழிபெயர்ப்பாளர், முகம் வெளுத்து. நான் எழுந்து குனிந்து வணங்கினேன். மூத்தவள் சின்னவனை அணைத்துக்கொண்டு கீழ்த்தட்டின் மூலையில் ஒடுங்கியிருந்தாள். கீழவர் பிள்ளையைப் பார்த்தார். கிழிந்து தொங்கிய சேலையைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டே போய் மேல்தட்டைப் பிடித்து ஆட்டினார். இரண்டு கையாலும் பலமாக ஆட்டினார். அது பேசவில்லை. குனிந்து மூட்டுகளைத் தடவிப் பார்த்தார். சரிவைப் பார்த்தார், தகரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தார். அவர் அது என்ன என்று கேட்கவில்லை. கைகளை விரித்து நீளத்தை அளந்துவிட்டு ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"கட்டில் நல்லா இருக்குதாம் அக்கா. கீழே ரெண்டு சிப்பாய்ங்க படுக்க இடமில்லாம இருக்காங்களாம். எடுத்துக்கிறாராம்."

"பிள்ளைங்களுக்குங்க தம்பி. பிள்ளைங்களுக்காகச் செஞ்சது. அதை அவருகிட்ட சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்க்கா." அவர் கண்ணை உயர்த்தினார். "அந்தத் தகரத்தைப் பத்திக் கேக்காம போறாரே, அத நெனச்சுக்கங்க. பையனுக்குக் கை போயிருக்கு. நான் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி அண்ணனை வரச் சொல்றேன். இப்ப ஒண்ணும் பேசாதீங்க."

இரண்டு சிப்பாய்கள் வந்து முளைகளைத் தட்டினார்கள். அவர்கள் மட்டும் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம். கட்டில் துண்டு துண்டாக இறங்கியது. நான் பிள்ளையை மடியில் கிடத்தி, வளைந்த கையைத் தொடவும் தெரியாமல் தொடாமலிருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் என் காதைத் தேடி வாயை வைத்தான்.

"சத்தம் ரொம்பக் கேட்டுச்சாம்மா?"

"இல்லப்பா."

"அப்ப ஏன் வந்தாங்க?"

கணவர் வந்து எலும்பைச் சேர்த்துக் கட்டினார். வாயில் துணியைக் கொடுத்தோம். அதற்கும் அவன் சத்தம் போடவில்லை. கட்டி முடித்த பிறகு என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நாங்கள் மறுபடி தரைக்கு வந்தோம். பிள்ளைகளைக் காற்றுக்காக ஜன்னலோரம் வரிசையாகப் படுக்க வைத்தேன். சின்னவனுக்குத் தகரமும் இல்லை, சரிவும் இல்லை. பழந்துணிகளைச் சுருட்டி அடியில் வைத்து, ஈரம் பட்டவுடன் கையால் உணரும்படி அவன் பக்கத்திலேயே கிடந்தேன். நான் சரியாக உறங்குவதை அப்போதுதான் மறந்தேன் என்று நினைக்கிறேன்.

சில நாள் கழித்து மொழிபெயர்ப்பாளர் மறுபடி வந்தார். இந்த முறை சிரிப்பில்லை.

"அக்கா, மேல்தட்டுல படுத்த சிப்பாய் உருண்டு விழுந்துட்டான். மண்டையில வீங்கியிருக்கு. தடுப்பு செவுத்துப் பக்கம் இருக்கு. தப்பாச் செஞ்ச ஆளு யாருன்னு கேக்குறாரு. அந்தத் தச்சன் பேரக் கேட்டு வான்னு அனுப்பியிருக்காரு."

தச்சர் எங்கே என்று எனக்குத் தெரியாது. எங்கேயாவது உயிரோடு ஒளிந்திருந்தால் இவர்கள் போய்ப் பிடிப்பார்கள். பிடிக்க முடியாவிட்டால் கட்டிலைச் சொல்லிச் செய்யவைத்த எங்களிடம் வருவார்கள்.

"தச்சன் சரியாத்தான் செஞ்சான் தம்பி. மேலே நாங்க மாத்திப் போட்டிருந்தோம். உங்காளுங்க அப்படியே கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. திருப்பிப் போட்டாச் சரியாயிடும்."

"திருப்பின்னா?"

"தலைமாட்டை ஆத்துப் பக்கம் வெக்கணும். அப்ப தடுப்பு வெளிப்பக்கம் வந்துடும்."

அவர் செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர், திசை பார்த்துப் பழகியவர். ஒரு கணம் என்னையே பார்த்தார்.

"ஆத்துப் பக்கம்னா வடக்குல்லக்கா?"

"தச்சன் அப்படித்தான் செஞ்சான்."

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் காலடியில் கட்டில் நகரும் சத்தம் கேட்டது. துணி சுற்றாமல், தரையைக் கீறிக்கொண்டு, தலைமாடு வடக்கே போனது. அவர்களுக்குக் கெட்டது வரட்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால், அந்த நேரத்தில் அப்படி எதையும் நினைக்க எனக்கு இடமில்லை. தச்சரின் பெயர் என் வாயிலிருந்து போகக்கூடாது; யாரும் மேலே வரக்கூடாது. அவ்வளவுதான்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "எந்தப் பக்கம் வெக்கச் சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கை கழுவப் போனார். திரும்பி வந்தவர் ஜன்னலோரம் மண்டியிட்டு, பிள்ளைகளின் பாயை ஓரமாக ஒதுக்கி, பலகை இடைவெளியில் கண்ணை வைத்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார்.

நேர் கீழே, கையை விட்டால் தொட்டுவிடலாம் போன்ற தூரத்தில், மேல்தட்டில் அந்தச் சிப்பாய் பகல் வெளிச்சத்திலேயே மல்லாந்து படுத்திருந்தான். மிகவும் சின்ன வயது. நெற்றியில் கட்டு. கண்ணைத் திறந்துகொண்டு எங்கள் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றுவரை அவன் தலை அறையின் தெற்குக் கோடியில் இருந்தது. நான் சொன்ன யோசனையால் அவன் முகம் இப்போது என் சின்னவன் படுக்கிற இடத்துக்கு நேர் அடியில் வந்துவிட்டது.

பாயை வேறு இடத்துக்கு மாற்றிப் பார்த்தோம். அடுப்பை நகர்த்தினால் கதவு திறக்கவில்லை. கிழக்குச் சுவரோரம் போனாலும் அடியில் அதே கட்டில்தான்; கதவை விட்டால் ஜன்னலோரம்தான் மிச்சம். மூத்தவள் பாயைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு, எங்கே விரிப்பது என்று கண்ணாலேயே கேட்டபடி நின்றாள்.

கடைசியில் பாயைப் பழைய இடத்திலேயே விரித்தேன். சின்னவனை என் வயிற்றின் மேல் குப்புறப் படுக்க வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் சுற்றி முந்தானையைச் செருகினேன். அவன் எதை விட்டாலும் அது என் மேல்தான் இறங்கும். ஜப்பான்காரர்கள் போகும்வரை நான் அப்படித்தான் படுத்தேன். முதல் நாள் சின்னவன் தலையைத் தூக்கி, "அம்மா, நான் கனமா இருக்கேனா?" என்று கேட்டான். இல்லை என்று தலையசைத்தேன். வாய் திறந்து சொல்ல முடியவில்லை. அடியில் அந்தச் சிப்பாய் கேட்டுக்கொண்டிருந்தான்.